அண்ணி கையெழுத்துப் போடாத தாள்

என் அண்ணியை அரசு மருத்துவமனையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரம்மா என்று கேட்டால்தான் வாசலில் நிற்கும் காவலாளிக்கே தெரியும். சலவைக்கூடத்துக்குப் பின்னால், குழாய் ஓயாமல் ஒழுகும் ஒரு நீள அறையில் பத்தொன்பது வருடமாகக் காது அச்சு செய்கிறாள். வயதில் என்னைவிட ஒரு வருடம் சின்னவள், முறைக்கு மட்டும் அண்ணி. அந்த ஒரு வருடத்தை நான் விட்டுக்கொடுத்ததில்லை, அந்த முறையை அவளும் விட்டுக்கொடுத்ததில்லை. என்னை வாடி போடி என்பாள், நான் அவளை வாங்க போங்க என்று சொல்ல வேண்டும்.

காது அச்சு என்றால் என்ன என்று, அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வரும்வரை எனக்கும் தெரியாது. மிஷினை வாங்கி மாட்டிவிட்டால் காது கேட்டுவிடும் என்றுதான் எல்லாரையும்போல நினைத்திருந்தேன். மிஷினிலிருந்து வரும் சத்தத்தை உள்ளே கொண்டுபோக, அந்தக் காதின் வளைவுக்கே வார்த்த மெத்தென்ற ஒரு துண்டு வேண்டும். அதுதான் அச்சு. உங்கள் அச்சு எனக்குப் பொருந்தாது. குழந்தைகள் என்றால், நாலு மாதத்துக்கு முந்தைய அச்சு அதே குழந்தைக்கே பொருந்தாது, ஏனென்றால் காதும் கூடவே வளர்கிறது. தளர்ந்துபோன அச்சிலிருந்து சத்தம் கசிந்து, மிஷினுக்கே திரும்பிப் போய், கீயென்று கத்தும். குழந்தை எரிச்சலில் பிய்த்து எறியும். எறிந்தால் அத்தோடு பேச்சும் போச்சு. காதில் விழாத வார்த்தையை எந்தக் குழந்தை பேசும்?

காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை வைத்து, பசையை நிரப்பி, ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரவைப்பாள். குழந்தை சிரித்தால் தாடை அசைந்து அச்சு கெட்டுவிடும். அதனால் இவள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாள். அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் பாதிக் குழந்தைகள் சிரிக்கும்.

அதில் ஒருத்திக்கு வாலு என்று பட்டப்பெயர். மூன்றரை வயது, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவரின் மகள், பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஒன்றரை வருடமாக அண்ணியிடம் வருகிறாள். பதினோரு வார்த்தை பேசுவாள். பதினோராவது வார்த்தை 'போடி'. அதை அண்ணியின் வாயிலிருந்தே பிடித்து அண்ணியிடமே சொன்னாள். அண்ணி அதை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தாள்.

தப்பு நடந்தது போன நிதியாண்டின் கடைசி மாதத்தில். பசை குழாய் குழாயாக வரும், ஒரு காதுக்கு ஒரு குழாய் என்று விதி. பாதிப் பசை குழாயிலேயே காய்ந்து குப்பைக்குப் போகும். அண்ணிக்கு வயிறு எரிந்தது. மாவாகக் கிடைக்கும் பசையை வாங்கிக் கையால் பிசைந்து, எட்டுக் குழந்தைகளை ஒரே நாளில் வரச்சொல்லி, ஒரு பொட்டு வீணாகாமல் வேலை பார்த்தாள். வருடக் கடைசியில் அவளுக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே நின்றது.

மற்ற பிரிவுகளில் அந்த மாதம் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நன்றாக இருக்கும் திரைச்சீலையைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவார்கள், நாற்காலிக்குக் கால் உடையும். பண்டகக் காப்பாளர் அண்ணியிடமும் வந்து, ஒரு ஏசி வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், மிச்சம் மட்டும் காட்டாதீர்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மிச்சத்தை ஒரு கடிதத்தோடு அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்தக் கடிதம் என் மேஜைக்குத்தான் வந்தது. நான் நிதித்துறையில் தட்டச்சு, உள்நாட்டுத் திட்டங்கள் பிரிவு. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்பதால் என்னை யாரும் டீ வாங்கி வரச் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, பெருமை வந்தது. என் தப்பு அதுதான். பதினோரு வருடம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். 'திரும்பி வந்த தொகை' என்ற கட்டத்தை எங்கள் அதிகாரிகள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிக்கனம் என்று படிக்க மாட்டார்கள், தேவைக்கு மேல் கொடுத்துவிட்டோம் என்று படிப்பார்கள். அன்றைக்கே ஓடிப்போய், கடிதத்தை வாபஸ் வாங்குங்கள் அண்ணி, ஏசியை வாங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இந்த வருடம் அரசுக்கு வரவு குறைவு. எல்லாத் திட்டத்திலும் கைவைக்கும்படி மேலிடத்து உத்தரவு. கைவைக்கும் பொறுப்பு எங்கள் துணைச் செயலாளருக்கு. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமரசம். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். இவர் ராத்தூக்கம் கெட்டுத்தான் வெட்டுவார். ஒருத்தரை முழுதாக அழவைக்க மாட்டார், எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் அழவைப்பார். அதை நியாயம் என்று உண்மையிலேயே நம்புகிறவர்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டு விழும் ஒவ்வொரு திட்டத்தின் பொறுப்பாளரையும் கூப்பிட்டு, 'எங்கள் சம்மதத்துடன்' என்று அடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்து விழுந்தவை 'ஒப்புக்கொண்டவை' என்ற பட்டியலுக்குப் போகும். அப்புறம் அமைச்சர் சட்டமன்றத்தில் எழுந்து, சம்பந்தப்பட்டவர்களே மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள் என்பார். 'ஒப்புக்கொள்ளாதவை' என்று இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் வருவதை அமைச்சரே விசாரித்து, தன் கைப்பட எழுதி, தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அந்தத் திட்டத்துக்கு ஒரு காசு போகாது. அந்தப் பயத்தில் யாரும் மறுப்பதில்லை. பதினோரு வருடமாக அந்தப் பட்டியலின் கீழே நான் 'இல்லை' என்றுதான் அடித்திருக்கிறேன்.

அண்ணி பொறுப்பில் இருக்கும் காது கேளாதோர் திட்டத்துக்குச் சமரசம் எழுதிய தாளையும் நான்தான் அடித்தேன். குழந்தைக்கு வருடம் மூன்று அச்சு என்பது ஒன்றாகும். வயதானவர்களின் மிஷினுக்கு மாதம் இரண்டு அட்டை பேட்டரி என்பது ஒன்றாகும். காரணம் என்ற இடத்தில், சென்ற ஆண்டு பெருந்தொகை பயன்படுத்தப்படாமல் திரும்பி வந்துள்ளது என்று இருந்தது. அந்த வரியை அடிக்கும்போது கை கூசியது.

இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் வேலை போகும். அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரலை விட்டு எண்ணினாள். வருடத்துக்கு ஒன்று என்றால் நாலு மாதம் கேட்கும், மீதி எட்டு மாதத்துக்குக் குழந்தை என்ன செய்யும் என்று கேட்டாள். பாதியாவது கிடைக்கிறதே என்று இழுத்தேன்.

"இது பாதி இல்லடி, ஒண்ணுமே இல்லை. செருப்புல பாதியை வெட்டிக் கொடுத்து, போட்டு நடன்னா நடப்பியா?"

அப்புறம்தான் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னதும் மடித்த துணியை எல்லாம் உதறி, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். நாணயமாக இருந்ததற்கு முட்டாள் பட்டம் கட்டிவிட்டார்கள் என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் கையைப் பிடிக்கக்கூட எனக்கு முகம் இல்லை.

கையெழுத்துக்குக் கூப்பிட்ட நாளில் அண்ணி ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள். மற்றவர்கள் கோப்போடு வருகிற அறை அது. குறிப்பெடுக்க நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவளைத் தெரியும் என்று இருவருமே காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து, வாலுவின் இடது காதை வைத்து வார்த்த சுண்ணாம்பு மாதிரிகளை மேஜையில் வரிசையாக வைத்தாள். ஐந்து இருந்தன. முதலாவது மொச்சைக்கொட்டை அளவு. கடைசியை முதலாவதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பிள்ளையின் காது என்று நம்ப முடியாது. ஒவ்வொன்றின் அடியிலும் தேதி இருந்தது, அந்த அச்சோடு வாலு கற்றுக்கொண்ட வார்த்தைகளும் இருந்தன.

சமரசம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நடிப்பில்லை, மனசு இளகிவிட்டது. பக்கத்து அறைக்குப் போய்க் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார். குழந்தைகளுக்கு மூன்று அச்சையும் விட்டுவிடுகிறேன், வயதானவர்களின் பேட்டரியை மட்டும் முழுதாக நிறுத்திவிடலாம், தொகை சரியாக வருகிறது என்றார். இதைவிட நியாயமாகத் தன்னால் முடியாது என்றார். தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

எங்கள் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த பேட்டரியில்தான் கேட்கிறார். அதை வெளியில் வாங்கினால் அண்ணன் பட்டறைச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். இதெல்லாம் தெரிந்தும், அந்த நிமிடம் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போட்டுவிடுங்கள் அண்ணி என்று நினைத்தேன். குழந்தைக்கு வாழ்க்கை முழுக்கக் கிடக்கிறது, அப்பா இத்தனை வருடம் கேட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பெற்ற அப்பாவை ஒரு நொடியில் மனசுக்குள் வெட்டிப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அந்தத் தாளும் பேனாவும் அங்கே இருந்தன, அவ்வளவுதான். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அண்ணி பேனாவைத் தொடவில்லை.

"பிள்ளை காதா, கிழவர் காதான்னு என்கிட்ட கேக்கறீங்க. நான் அச்சு செய்யறவ சார், இது என் வேலை இல்லை. யார் காதை அடைக்கணும்னு நீங்களே எழுதுங்க, நீங்களே கையெழுத்துப் போடுங்க. சம்மதம்னு என் பேரை அதுல சேர்க்காதீங்க."

சமரசத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் மிரட்டவில்லை, எச்சரித்தார். அமைச்சர் முடிவு செய்யும்வரை எதுவும் வராது, அச்சும் இல்லை, பேட்டரியும் இல்லை, பழி உங்கள் தலையில்தான் விழும் என்றார். தெரியும் என்றாள் அண்ணி. சுண்ணாம்புக் காதுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள், வாசலில் நின்று வணக்கம் சொன்னாள், போய்விட்டாள்.

அன்று மதியம் 'ஒப்புக்கொள்ளாதவை' என்ற தலைப்பின் கீழே முதல்முறையாக ஒரு வரி அடித்தேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

பழி சொன்னபடியே விழுந்தது. மூன்றாவது வாரம் மாவு தீர்ந்தது. ஐந்தாவது வாரம் வாலுவின் மிஷின் கத்த ஆரம்பித்தது, அவள் அதைக் கழற்றிப் பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டாள். பெயிண்டர் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு அண்ணியின் அறைக்கு வந்து, வெளியே நாலு பேர் கேட்கும்படி சண்டை போட்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் என் பிள்ளைக்கு மூன்றும் கிடைத்திருக்குமாமே, உங்கள் வீம்புக்கு என் பிள்ளையா கிடைத்தது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று அப்புறம் அண்ணி என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆனாலும் போட மாட்டேன் என்றாள்.

அண்ணன் வீட்டிலும் பேட்டரி நின்றுபோனது. அப்பா சும்மா எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். யாரோ விஷயத்தை அவருக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்கள். போட்டிருக்கலாமேம்மா, இனிமேல் நான் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றார் மருமகளிடம். அண்ணி அவர் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"நீங்க கேக்கலைன்னா இந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடறது மாமா?"

அப்பாவுக்கு அது கேட்டது. சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அமைச்சர் கோப்பைத் தொடவே இல்லை. தன் கையெழுத்தில் ஒரு கெட்ட பெயரை வாங்க யாருக்கு ஆசை? அவர் வாரம் ஒரு நாள் மனு வாங்குவார். அந்த நாளில் அண்ணி போனாள். கூடவே பதினான்கு பெற்றோர்கள், அவரவர் குழந்தையோடு. பெயிண்டரும் வந்தார். வீம்பு என்று திட்டியவரை எப்படி வரவைத்தீர்கள் என்று பின்னால் கேட்டேன். திட்டட்டும், திட்டிக்கிட்டே வரட்டும் என்றுதான் சொன்னேன் என்றாள். எல்லாக் குழந்தைகளுக்கும் பழைய தளர்ந்த அச்சையே மாட்டி, மிஷினைப் போட்டுவிட்டிருந்தார்கள். அமைச்சர் அறைக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பதினான்கு மிஷினும் விட்டு விட்டுக் கத்தின. யாரும் கோஷம் போடவில்லை, அட்டை பிடிக்கவில்லை. ஆபீஸ் முழுக்க அந்தச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. கோப்பு கொடுக்கிற சாக்கில் நானும் அங்கே நின்றேன். காவலர்கள் எந்தக் கதவு கிறீச்சிடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி பொறுத்துவிட்டு அமைச்சரே வெளியே வந்தார். என்ன சத்தம் இது, நிறுத்த முடியாதா என்றார். அண்ணி எழுந்து நின்றாள்.

"ரெண்டு வழி இருக்குங்க. மிஷினைக் கழட்டிடலாம், அப்போ உங்களுக்குச் சத்தம் இருக்காது, இவங்களுக்கும் எதுவும் இருக்காது. இல்லைன்னா புது அச்சு போடலாம். எதுன்னு நீங்க வாயால சொல்லுங்க, இப்பவே செஞ்சிடறோம்."

தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். கழற்று என்று எந்த மனுஷன் சொல்வான்? அவர் உள்ளே போய்க் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். அச்சுக்கும் பேட்டரிக்கும் பழைய தொகை முழுதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. வேலை முக்கியம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நான்கு மணிக்குச் சமரசம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாள் கொடுத்தார். அமைச்சர் கொடுத்துவிட்டார், பணம் எங்கிருந்தாவது வர வேண்டுமே என்றார் களைப்போடு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலியர் திட்டம் ஒன்று உண்டு. வாரம் மூன்று முறை என்பது வாரம் ஒரு முறையாகும் என்று எழுதியிருந்தார். அதன் பொறுப்பாளரான மூத்த செவிலி நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்துக்கு வருகிறார். அடித்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நேராக அண்ணனின் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். பழைய பாக்கியில் ஒரு அட்டை பேட்டரி எங்கிருந்தோ கிடைத்து, அப்பா மிஷினை மாட்டிக்கொண்டு எல்லார் பேச்சிலும் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் மூஞ்சியைப் பார்த்து அவளே கேட்டாள். எங்கிருந்து எடுத்தார்கள் என்றுதான் கேட்டாள், வேறு எதுவும் இல்லை. சொன்னேன்.

வாரம் ஒரு தடவை கட்டு மாற்றினால் புண் புழுத்துவிடுமே என்றாள். ஆமாம் என்றேன். அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, செருப்பை மாட்டினாள்.

நான் வழியை மறித்தேன். அந்தம்மாள் கையெழுத்துப் போடவில்லை என்றால் பணத்துக்கு எங்கே போவார்கள், சுற்றிச் சுற்றி உங்களிடமே திரும்பி வருவார்கள், கையில் கிடைத்ததும் போகும் என்றேன். என் வேலையும் போகும் என்பதை நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

"வரட்டும். என்கிட்ட வந்தா மறுபடியும் போட மாட்டேன். ரெண்டு பேர் போடலைன்னா ரெண்டு வரி, பத்துப் பேர் போடலைன்னா பத்து வரி. எத்தனை வரிக்கு அந்த அமைச்சர் தனியா உக்காந்து கையெழுத்துப் போடுவார்னு பாக்கலாம். நீ அந்தம்மா வீடு எங்கேன்னு மட்டும் சொல்லு."

விலாசம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைக் கொடுக்காமல், நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டு பஸ் மாறி, ஒரு குறுகலான மாடிப்படி ஏறினோம். கதவைத் திறந்த செவிலி இன்னும் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் மருந்து வாசனை. அண்ணி மூச்சு வாங்க நின்றாள்.

"உங்ககிட்ட பிடுங்கித்தான் எனக்குக் கொடுத்திருக்காங்க சிஸ்டர். நாளைக்கு ஒரு தாளை நீட்டுவாங்க. போடாதீங்க."